மூன்றும் முப்பத்தெட்டும்

குபேரா நகர்,
கும்மிடிப்பூண்டி அருகில்.
11.2.2008

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள ஞானம்மா அத்தைக்கும், இதை அத்தைக்குப் படித்துக் காட்டப்போகும் பீட்டர் மாமாவுக்கும், தம்பி மகள் பிரின்சி பயத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில், எழுதியதற்கே என்னை மன்னித்துவிடுங்கள். இரண்டு வருடமாக நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாதபோது நடுவில் நான் கடிதம் போடுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் அப்பாவின் செல் அவர் சட்டைப்பையை விட்டு இறங்குவதே இல்லை. கம்பெனி வாசலில் இருக்கும் ஒரு ரூபாய் பெட்டியில் மூன்று தடவை உங்கள் நம்பரைப் போட்டேன். மூன்று தடவையும் மாமாதான் எடுத்தார், எனக்குக் குரல் வரவில்லை. மூன்றாவது தடவை, "எவன்டா அவன், மூச்சு மட்டும் வுட்டுகினு கீறது? போலீஸ்ல குடுத்துருவேன்" என்றார். மாமா, அது நான்தான். கொடுத்திருந்தால் தயவுசெய்து திரும்ப வாங்கிவிடுங்கள். இன்னொன்று, கோயிலில் வாசகம் படிக்கிற குரலில் இதைப் படிக்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

இங்கே அப்பா நலம், அம்மா நலம். என்னைத் தவிர எல்லாரும் நலமாக இருக்கிறோம். வீடும் நலம்தான், விரிசல் எதுவும் இல்லை. ஆனால் நான் எழுத வந்ததே அந்த வீட்டைப் பற்றித்தான். ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்று நான்கு நாளாக முயற்சி செய்கிறேன். அந்த ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தொண்ணூற்றேழில் நீங்களும் அப்பாவும் அம்மாவும் கொடி கட்டிய வேனில் ஒன்றாக வந்து இந்த நகரில் ஆளுக்கொரு மனை வாங்கினீர்கள். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, நான் வரவில்லை. அப்பாவுக்கு மூன்றாம் எண், உங்களுக்கு முப்பத்தெட்டாம் எண், கூடவே இலவசமாக லெமன் சாதப் பொட்டலமும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும். எங்களுக்குக் கிடைத்த சிவப்புப் பக்கெட்டில்தான் இன்றைக்கும் குளிக்கிறோம். அன்றைக்கு மனைக்கு நான்கு மூலையிலும் வெள்ளைக்கல் நட்டிருந்தார்களாம். கல்லில் எண் கிடையாது, எண் காகிதத்தில்தான். ஒன்பது வருடம் கழித்து அப்பா வீடு கட்ட வந்து பார்த்தால் முள்செடி ஆள் உயரம் நிற்கிறது, கல்லைக் காணோம். சுற்றுப்பட்ட ஊரில் எந்த வீட்டுக்குப் பின்னால் போனாலும் துணி துவைக்கிற கல்லில் கொஞ்சம் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நகரின் எல்லை முழுவதும் அப்படி ஒவ்வொரு வீட்டிலும் சோப்பு நுரைக்கு அடியில் கிடக்கிறது.

அதனால் பிளானைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. மனை விற்ற புரோக்கர் பூவராகவன், மேஸ்திரி குப்புராஜ், ஆட்கள் இரண்டு பேர், அப்பா, ஆக ஐந்து ஆண்கள் வந்து நின்றார்கள். ஐந்து பேரும் ஜெராக்ஸ் காகிதத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். பிறகு அப்பா சொன்னார், "எம்பொண்ணு பி.காம். முடிச்சிக்கீது. அது படிச்சி சொல்லட்டும்." அத்தை, பி.காமில் நான் பேரேடு படித்தேன், வணிகச் சட்டம் படித்தேன். மனைப் பிளான் எப்படிப் படிப்பது என்று மூன்று வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், எனக்குத் தெரியாது என்றால் நம் குடும்பத்துக்கே தெரியாது என்றாகிவிடுமோ என்று பயந்தேன்.

காகிதத்தை வாங்கினேன். ஐந்து ஆண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். பாடப்புத்தகத்தைப் பிடிப்பதுபோல எழுத்து நேராகத் தெரியும்படி பிளானைப் பிடித்தேன். மேலே ஓர் அம்புக்குறியும் ஓர் எழுத்தும் இருந்தன. அது எந்தப் பக்கம் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். படித்தவள் கேட்கலாமா என்றும் நினைத்தேன். பிறகு இடது கைப்பக்கம் காட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு அங்கேருந்து வருதுப்பா" என்றேன். அந்தப் பக்கத்தில்தான் பஸ் போகிற புது ரோடு இருக்கிறது. அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "கரெக்டு! வேனு நின்ன எடத்துலேர்ந்து மூணாவதுதான் நம்மளுது, எனக்கு ஞாபகம் கீது" என்றார். தொண்ணூற்றேழில் பஸ் ரோடே கிடையாது என்பதும், உங்கள் வேன் பின்பக்கம் ஏரிக் கால்வாய்க் கரை வழியாகத்தான் வந்தது என்பதும் அங்கே நின்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மேஸ்திரி கயிற்றைப் பிடித்தார்.

கடக்கால் தோண்டிய அன்று நீங்களும் வந்திருந்தீர்கள். அதையெல்லாம் உங்களுக்கே சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வருகிறது. மூலையில் இரண்டடி ஆழத்தில் நீல பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பாட்டில் வந்தது. மேஸ்திரி எடுத்து முகர்ந்து பார்த்து, "சரக்குன்னு பாத்தா வெறும் தண்ணி நைனா. எவனோ ஏமாந்தவன் பொதச்சி வெச்சிக்கீறான்" என்று தூக்கி எறிந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல், "தம்பி, பிளான நல்லா பாத்தியா?" என்று கேட்டீர்கள். அப்பா உடனே, "எம்பொண்ணு பாத்துச்சிக்கா. உன் மனை கால்வாயாண்ட பள்ளத்துல மாட்டிக்கிச்சின்னு வவுறு எரியாத. அவங்கவங்க ராசி" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் தரையைப் பார்த்தேன். மேஸ்திரிக்காக ஆக்கிய பிரியாணியைக்கூடச் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து அப்பா, "பஸ் ரோட்டாண்ட மனைன்னா சொந்த அக்காவுக்கே பேஜாரா கீது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் வீடு எழும்பியதும், அடுத்துக் கட்ட வந்தவர்கள் எல்லாரும், "ஆசீர்வாதம் ஊட்லேர்ந்து கயிறு புடி, அதான் படிச்ச பொண்ணு பாத்து குடுத்த அளவு" என்று எங்கள் சுவரிலிருந்தே அளந்தார்கள். இப்படிப் பதினோரு வீடு வந்துவிட்டது. பழவேற்காட்டிலிருந்து வந்த அஸ்கர் அலி பாய் வீடு கட்டி முன்பக்கம் மளிகைக் கடையும் வைத்துவிட்டார். புரோக்கர் பூவராகவன் ஒன்றும் இரண்டும் சேர்த்து மாடியுடன் கட்டி, மாடியில் சிங்க பொம்மையும் வைத்திருக்கிறார். யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறது. கரண்ட் பில், ரேஷன் படிவம், பாங்க் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் "பிரின்சியாண்ட குடு" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அஸ்கர் அலி பாயின் வீட்டு வரி நோட்டீஸைக் கேட்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே சுவரில் நம் நகரின் அசல் பிளானை ஒட்டியிருந்தார்கள். கீழே ஓர் அறிவிப்பு. குபேரா நகருக்குத் தெருவும் மழைநீர்க் கால்வாயும் தெருவிளக்கும் போடப்போகிறார்களாம், அதற்காக 21ஆம் தேதி வியாழக்கிழமை சர்வேயர் வந்து எல்லா மனையையும் அளப்பாராம். சந்தோஷமாகப் பிளானைப் பார்த்தேன். எங்கள் ஜெராக்ஸில் விழாமல் போன ஓரங்களும் அதில் இருந்தன. ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், கையெழுத்தில் 'ஏரிக் கால்வாய்' என்று எழுதியிருந்தது.

அத்தை, எழுத்து நேராகத்தான் இருந்தது. நான்தான் திரும்பி நின்றுவிட்டேன். அந்த அம்புக்குறி வடக்கைக் காட்டுவது. வடக்குப் பக்கம் ஐந்து ஆண்கள் நின்றார்கள் என்பதற்காக நான் தெற்கைப் பார்த்து நின்று, நகரையே கிழக்கு மேற்காகத் திருப்பிவிட்டேன். நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மனை இல்லை. முப்பத்தெட்டாம் மனை. அது உங்களுடையது.

மாமா, இந்த இடத்தில் நிறுத்தி அத்தைக்குத் தண்ணீர் கொடுக்கவும்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பிளானில் மொத்தம் நாற்பது இடம், ஒரே வரிசை. அதனால் யாருடைய எண்ணையும் நாற்பத்தொன்றிலிருந்து கழித்தால் அவர் யாருடைய மனையில் இருக்கிறார் என்பது வந்துவிடுகிறது. மூன்றும் முப்பத்தெட்டும் நாற்பத்தொன்று. அஸ்கர் அலி பாய்க்குப் பத்து, அவர் கடை வைத்திருப்பது முப்பத்தொன்றில். அந்த முப்பத்தொன்று திருநின்றவூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் சுப்பராயன் சாருடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் ரயிலேறி வந்து, அவருடைய மனை என்று நான் காட்டிய இடத்தில் ஒரு தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, ஆடு மாட்டை விரட்டிவிட்டுப் போகிறார். ஆக, இரண்டு வருடமாக அவர் அஸ்கர் அலி பாயின் மனைக்குச் சம்பளமில்லாமல் காவல் இருக்கிறார். போகும்போது பாய் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு, "எம் மனைய கொஞ்சம் பாத்துக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டும் போகிறார். பாயும் பார்த்துக்கொள்கிறார், அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. பூவராகவனின் ஒன்றையும் இரண்டையும் கழித்தால் நாற்பதும் முப்பத்தொன்பதும் வருகிறது. பிளானில் அந்த இரண்டு இடத்துக்கும் மனை எண்ணே இல்லை, 'பூங்கா' என்று போட்டிருக்கிறது. சிங்க பொம்மை நிற்பது பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம்.

அப்புறம் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆபீஸ் மூலையில் போலியோ சொட்டு மருந்து போஸ்டர் ஒரு கட்டு கிடந்தது. யாரும் பார்க்காதபோது ஒன்றை எடுத்து, சரியாக அந்த ஓரத்தை மறைக்கும்படி பிளான்மேல் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாளே கிளார்க் மணவாளன் அதைக் கிழித்துவிட்டு, "போலியோ முடிஞ்சி மூணு நாளாச்சி. எந்த மகராசன் இங்க கொண்டாந்து ஒட்டினது?" என்று கத்தினாராம். வரி கட்டப் போயிருந்த அப்பா இந்தச் சண்டையில் பிளானைக் கவனித்துவிட்டார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னைக் கையோடு கூட்டிப்போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, "எல்லாருக்கும் கேக்கறமாரி படிச்சி சொல்லும்மா" என்றார். அங்கே இருபது பேர் இருந்தார்கள். சிங்க பொம்மைக்காரரும் இருந்தார். "இன்னா பாப்பா, நம்ம நகர் அளவெல்லாம் கரெக்டா கீதா?" என்றார் அவர். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று வந்தது. தவக்காலம் தொடங்கிய அதே புதன்கிழமை, நெற்றியில் சாம்பலோடு நின்று பொய் சொன்னேன். அப்பா என் தோளைத் தட்டி, "கேட்டுக்குங்கப்பா" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. கம்பெனியில் டைம் ஆபீஸில் உட்கார்ந்து ஆட்கள் வருகிற நேரத்தை எழுதுகிறேன், எட்டு முப்பது என்பதற்குப் பதிலாக எட்டு முப்பத்தெட்டு என்று எழுதி ஆறு பேரை லேட்டாக்கிவிட்டேன். வாசலில் சைக்கிள் செயின் கழன்று விழுந்தாலும் சர்வேயர் அளக்கிற சங்கிலிதானோ என்று உடம்பு தூக்கிப்போடுகிறது. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, அத்தை வீட்டுக்கு வருகிறோம், செருப்பை ஒழுங்காக விட வேண்டும் என்று தோன்றுகிறது. அம்மா சாந்தோம் மாதா படம் மாட்ட ஆணி அடித்தாள், நான் மனதுக்குள் உங்களிடம் அனுமதி கேட்டேன். அப்பாவோ இருபத்திரண்டு வருடம் உருக்காலை உலைக்கு முன்னால் நின்று கட்டிய வீடு என்று தினமும் ஒரு தடவை சுவரைத் தடவிப் பார்க்கிறார். எல்லை மாறிக் கட்டினால் இடித்துவிடுவார்கள் என்று கடையில் யாரோ சொன்னதற்கு, "மாத்தி கட்டினவன் பயப்படணும். நமக்கு இன்னா?" என்று சிரித்தார். சர்வேயருக்கு நாஷ்டா நம் வீட்டில்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். இட்லிக்கு உளுந்துகூட வாங்கியாகிவிட்டது.

ஈஸ்டர் முடிந்ததும் நீங்கள் வீடு கட்டப் போவதாகவும், கால்வாய் ஓரப் பள்ளத்தை நிரப்ப அறுபது லோடு கிராவல் மண் சொல்லியிருப்பதாகவும் கோயிலில் பேசிக்கொண்டார்கள். அது வேண்டாம் அத்தை. கொஞ்சம் நிறுத்திவையுங்கள். அந்தப் பள்ளம் எங்களுடையது. எங்கள் பள்ளத்தை நீங்கள் நிரப்பக் கூடாது.

உண்மையில் நான் உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை எங்காவது நடுவில் எழுதிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன், எங்கும் இடம் கிடைக்கவில்லை. இப்போது தாளும் முடியப்போகிறது. மாமாவின் கால் வீக்கம் குறைந்ததா? தங்கள் இருவருக்கும் அன்னை மரியாளின் ஆசீர் கிடைக்கட்டும். அப்பாவும் அம்மாவும் உங்களை விசாரித்ததாக எழுத ஆசைதான். இந்தக் கடிதத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்பதால் நான் மட்டும் விசாரிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலிருந்து,
ஆ. பிரின்சி

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா, "யாருக்கு லெட்டரு?" என்று கேட்டாள். "அத்தைக்கு" என்றதும் அழுகை வந்துவிட்டது, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா பதறவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, பரண்மேல் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தாள். நீல பிளாஸ்டிக் பையில் சுற்றிய அந்தப் பாட்டில்.

"வேளாங்கண்ணி தண்ணி. மனை வாங்கின அன்னிக்கு உங்கத்த தன் மனை மூலையில பொதச்சிச்சி. பக்கெட்ட புடிச்சிக்கினு பக்கத்துல நின்னதே நான்தான். கடக்கால்ல அது வெளிய வந்தப்ப உங்கத்த பாத்துச்சி, நானும் பாத்தேன். அது ஒண்ணும் பேசல. நானும் பேசல. மேஸ்திரி தூக்கி எறிஞ்சத அப்புறமா எடுத்தாந்து வெச்சேன்" என்றாள்.

"ஏம்மா பேசல?" என்றேன்.

"எப்படி பேசறது? உங்கப்பா ஜென்மத்துல மொத தடவயா 'எம்பொண்ணு படிச்சது, எம்பொண்ணு படிச்சது'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு நிக்கறாரு. உங்கத்த உன்ன ஒரு தரம் பாத்துச்சி. அப்புறம் முந்தானைய ஒதறிக்கினு போயிடிச்சி."

ஆக, இத்தனை பக்கத்தில் நான் எழுதியது எல்லாம் உங்களுக்கு இரண்டு வருடம் முன்பே தெரியும். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் மாமாவின் போலீஸ் விஷயம் இதில் இருப்பதால் அனுப்புகிறேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். எல்லாம் தெரிந்துகொண்டே அந்தப் பள்ளத்துக்கு எதற்கு அத்தை அறுபது லோடு மண் சொன்னீர்கள்?

மனையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இனி அதைக் கேட்க எனக்கு வாய் வராது. அதை நீங்களும் அப்பாவும்தான் பேச வேண்டும். அதற்குப் பதிலாக வேறொன்று கேட்கிறேன். 21ஆம் தேதி காலையில் வாருங்கள். பாட்டிலைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். சர்வேயர் வந்ததும் பிளானை நான்தான் படிக்கப்போகிறேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்தத் தடவை ஆண்கள் நிற்கிற பக்கமே முகத்தைத் திருப்பி, வடக்கு பார்த்து. நான் படித்து முடிக்கிற வரைக்கும் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள் அத்தை.